பழி மணிக்கட்டின் மேல்

உடையார்பாளையம் ஆகட்டும், பக்கத்து ஜெயங்கொண்டம் ஆகட்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருந்தால் சாயங்காலத்தில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"டேய், பேக்ஹேண்ட் ஆடும்போது மணிக்கட்டை ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஆட்டல சார். போன பந்தையும் இதே மாதிரிதான் அடிச்சேன். அது விழுந்துச்சே!"

பையன் பொய் சொல்லவில்லை. போன பந்து மேசையில் விழுந்தது. இந்தப் பந்து வலையில் மாட்டியது. அடுத்தது, அதே வீச்சுக்கு, மேசையைத் தாண்டிச் சுவரில் போய் மோதும். கை ஒன்று, மட்டை ஒன்று, அசைவும் ஒன்று. முடிவு மட்டும் மூன்று விதம். உள்ளங்கைப் பக்கம் ஆடும் ஃபோர்ஹேண்டில் இதே பையன் பத்துக்கு ஏழு பந்தை உள்ளே போட்டுவிடுகிறான். புறங்கைப் பக்கம் வந்தால்தான் தடுமாற்றம்.

அப்படியானால் தப்பு எங்கே? பெரும்பாலும் மணிக்கட்டில் இல்லை. தப்பு கண்ணுக்குத் தெரியும் இடம் மணிக்கட்டு, அவ்வளவுதான். அது பிறந்த இடம் வேறு. பந்து மட்டைக்கு வருவதற்கு முன்பே அது பிறந்துவிடுகிறது.

முதலில் பந்து. டேபிள் டென்னிஸ் பந்தின் எடை 2.7 கிராம், விட்டம் 40 மில்லிமீட்டர். உள்ளே வெறும் காற்று. இவ்வளவு லேசான பொருளுக்குக் காற்று ஒரு பெரிய எதிரி. மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே பந்தைப் பின்னால் இழுக்கும் காற்றின் தடை, பந்தின் எடையை எட்டிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரரின் சாதாரண அடி இதைவிட வேகமானது. அதாவது மேசைக்கு மேலே பறக்கும் பந்து பூமியின் பேச்சைக் கேட்பதைவிடக் காற்றின் பேச்சை அதிகம் கேட்கிறது. கிரிக்கெட் பந்தை வைத்து நாம் பழகிக்கொண்ட கணக்கு இங்கே செல்லாது.

காற்றோடு சேர்ந்து விளையாடுவது சுழற்சி. பந்தின் மேல்பக்கம் அது போகும் திசையிலேயே உருண்டால் முன்சுழல். டாப் ஸ்பின் என்பது இதுதான். மேல்பக்கம் பின்னோக்கியும் அடிப்பக்கம் முன்னோக்கியும் உருண்டால் பின்சுழல். பையன்கள் 'கட் பந்து' என்பார்கள். சுழலும் பந்து நேர்ப்பாதையில் போகாமல் வளையும் என்பதை டென்னிஸ் ஆட்டத்தில் கவனித்து நியூட்டன் 1672-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1852-இல் ஜெர்மனியின் குஸ்டாவ் மேக்னஸ், சுழலும் உருளையைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதனை செய்து காட்டினார். அதனால் இன்று இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். முன்சுழல் பந்தைக் காற்று கீழே அமுக்கும். பின்சுழல் பந்தைத் தாங்கிப் பிடிக்கும்.

ஆனால் பையனின் புதிருக்கு விடை வானத்தில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. பந்து மட்டையைத் தொடும் அந்த ஒரு கணத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கணம் என்பது இங்கே சுமார் ஒரு மில்லி நொடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நம்மை நோக்கி ஒரு முன்சுழல் பந்து வருகிறது. மட்டையைத் தொடப்போகும் அதன் முகம் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரப்பரில் பட்டதும் அந்த முகம் ரப்பரைக் கீழே இழுக்கிறது. பதிலுக்கு ரப்பர் பந்தை மேலே தள்ளுகிறது. மட்டையை நிமிர்த்திச் சும்மா நீட்டினால் போதும், பந்து எகிறிச் சுவருக்குப் போய்விடும். பின்சுழல் பந்தில் இது தலைகீழ். அதன் முகம் கீழிருந்து மேலாக ஓடுகிறது. ரப்பர் அதைக் கீழே தள்ளுகிறது. அதே நிமிர்ந்த மட்டைக்குப் பந்து வலையில் விழும். சுழற்சியே இல்லாத பந்து மட்டும்தான் பையன் நினைத்த இடத்துக்குப் போகும். அந்த மூன்று பந்துகளின் கதை இவ்வளவுதான். அவன் கை மாறவில்லை, வந்த பந்து மாறியிருக்கிறது.

எவ்வளவு மாறுகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்து நொடிக்கு 50 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய சுழற்சி அல்ல. தேர்ந்தவர்களின் பந்து நொடிக்கு 100 முறைக்கு மேலும் சுழலும். 50 முறை என்றாலே பந்தின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இது கட் பந்து என்றால், அந்த 22 கிலோமீட்டர் வேகம் மேல்நோக்கியது. மட்டை அதைவிட மெதுவாக மேலே போனால், பந்தின் பார்வையில் மட்டை கீழே போவதாகத்தான் பொருள்; உராய்வு பந்தைக் கீழே தள்ளும். மட்டை அதை முந்தினால்தான் உராய்வின் திசை மாறி, பந்து மேலெழும்பும். கட் பந்தை எடுக்கும்போது பயிற்சியாளர் "தூக்கு, தூக்கு" என்று கத்துவது இதனால்தான். எவ்வளவு தூக்குவது என்பதற்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டாத முயற்சியில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, பந்து வலைக்குத்தான் போகும். அதைத் தாண்ட முடியாதவர்கள் மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து, பந்தின் அடியில் தள்ளி 'புஷ்' செய்து தப்பிக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கட் பந்தைத் தூக்கி முன்சுழலாகத் திருப்பி அனுப்பும்போது, அந்தப் பந்தின் சுழல் திசை மாறுவதே இல்லை. வரும்போது எந்தப் பக்கம் உருண்டதோ, போகும்போதும் அந்தப் பக்கமே உருள்கிறது. பயணத் திசை மட்டும்தான் திரும்புகிறது. பந்தின் ஒரு பாதியில் மார்க்கர் பேனாவால் மை தடவி, மேசையில் மெதுவாகச் சுழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். எதிராளி கொடுத்த சுழற்சியை அழிக்காமல் அதன் மேல் நம் சுழற்சியையும் ஏற்றுகிறோம். முன்சுழல் பந்துக்கு முன்சுழலால் பதில் சொல்வதென்றால் பந்தை முதலில் நிறுத்தி, பிறகு எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும். எனவே பார்க்கப் பயமுறுத்தும் கட் பந்து, கோட்டைத் தாண்டத் தெரிந்தவனுக்கு நல்ல தீனி.

கோட்டைத் தாண்டும் வேகம் எங்கிருந்து வரும்? புறங்கை வீச்சின் அமைப்புச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஃபோர்ஹேண்டில் கை உடம்புக்கு வெளியே, பக்கவாட்டில் இருக்கிறது. பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். இடுப்பும் தோளும் திரும்பி வேகம் கொடுக்கும். ஒன்று பிசகினாலும் இன்னொன்று ஈடுகட்டும். பேக்ஹேண்டில் கை உடம்புக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் இழுக்கலாம் என்றால் சொந்த வயிறே குறுக்கே நிற்கிறது. ஓடுதளம் குட்டை. அந்தக் குட்டையான ஓட்டத்துக்குள் வேகம் எடுத்தாக வேண்டும்.

சீட்டு விளையாடும்போது சீட்டைச் சுண்டி வீசுவார்களே, அந்த அசைவை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் எதிரே இருப்பவரிடம் சீட்டை வீச யாரும் தோளோடு கையைச் சுற்றுவதில்லை. முழங்கை உடம்பைவிட்டுச் சற்று முன்னால் வந்து நிற்கும். கை வயிற்றை நோக்கி மடங்கும். பிறகு முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி விரியும்; கடைசியில் மணிக்கட்டு சுண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வீசினால் சீட்டு மடியிலேயே விழும். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் சீட்டு திசை தெரியாமல் பறக்கும். நல்ல புறங்கை வீச்சுக்கும் இந்த நான்கு செய்திகளும் அப்படியே பொருந்தும்.

முழங்கையிலிருந்து மட்டையின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். முழங்கையை அச்சாக வைத்து, கால்வட்டத்தைப் பத்தில் ஒரு நொடியில் கடந்தால் மட்டையின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். மேலே சொன்ன 22 கிலோமீட்டர் கோட்டைத் தாண்ட இது மட்டுமட்டாகப் போதும். ஆனால் அந்த 25 முழுவதும் மேல்நோக்கிப் போவதில்லை. ஒரு பங்கு முன்னோக்கிப் போய்விடும். மிச்சத்தை முழங்காலை மடக்கி எழும் உந்தலிலும் கடைசி நேர மணிக்கட்டுச் சுண்டலிலும் பெற வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் கால்வட்டமே கிடைக்காது, மட்டை வயிற்றில் இடிக்கும். ஆட்டக்காரன் அந்தக் குறையை எதை வைத்து ஈடுகட்டுவான்? மணிக்கட்டை வைத்துத்தான். பி.டி. சாருக்குத் தெரிவது அந்த ஈடுகட்டல். தப்பு ஒரு முழம் மேலே, முழங்கையில் நடந்து முடிந்துவிட்டது.

முழங்கை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கை வயிற்றைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை நகர்த்தாமல், அதன் மடிப்பையும் மாற்றாமல், கையைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். இடது கையால் வலது மேற்கையைப் பிடித்துக்கொண்டே செய்தால், மேற்கை எலும்பு தோள் குழிக்குள் தன் அச்சிலேயே திரும்புவது தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முழங்கை வேலை செய்வதாகத் தோன்றுகிறது. உண்மையில் உழைப்பது தோள். இதைத் தோளின் வெளிச்சுழற்சி என்று சொல்லலாம்.

இதையெல்லாம் யார் அளந்தது? 2008-இல் ஜப்பானில் யோய்ச்சி ஈனோவும் அவர் குழுவினரும் புறங்கை வீச்சைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். ஆட்டக்காரர்களின் கை மூட்டுகள் ஒவ்வொரு கணத்திலும் எங்கே இருந்தன என்பதை முப்பரிமாணத்தில் கணக்கிட்டு, மட்டையின் மொத்த வேகத்தில் தோளின் பங்கு எவ்வளவு, முழங்கையின் பங்கு எவ்வளவு, மணிக்கட்டின் பங்கு எவ்வளவு என்று கூறுபோட்டார்கள். முன்சுழல் பந்துக்கு ஆடும்போதும் பின்சுழல் பந்துக்கு ஆடும்போதும் தனித்தனியே அளந்தார்கள். வெறும் கண்ணால் பார்த்து "மணிக்கட்டு" என்று சொல்லும் இடத்தில் மூன்று மூட்டுகளின் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை இப்படித்தான் பிரித்துக் காட்ட முடியும்.

அடுத்தது நேரம். சுழலும் முன்னங்கை நொடிக்கு ஆயிரம் பாகை வேகத்தில் திரும்புகிறது என்றால், ஒரு மில்லி நொடிக்கு மட்டையின் முகம் ஒரு பாகை திரும்புகிறது. ஐந்து மில்லி நொடி முந்தினாலோ பிந்தினாலோ ஐந்து பாகை விலகும். மேசையின் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது அந்த விலகல் ஒரு சாணுக்குக் குறையாது. மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். ஓரத்தைக் குறிவைத்து அடித்தவனுக்கு ஒரு சாண் என்பது புள்ளிக்கும் பறிபோன புள்ளிக்கும் உள்ள தூரம்.

ஐந்து மில்லி நொடிக்குள் மனிதக் கை கட்டுப்படுமா? படும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1990-இல் நெதர்லாந்தின் போட்ஸ்மா, வான் வீரிங்கன் இருவரும் தேர்ந்த ஆட்டக்காரர்களை ஃபோர்ஹேண்ட் அடிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். வீச்சு தொடங்கும்போது மட்டை போகும் திசை அடிக்கு அடி நிறையவே மாறுபட்டது. பந்தைத் தொடும் கணம் நெருங்க நெருங்க அந்த வேறுபாடு சுருங்கியது. தொடும் கணத்தில் நேரத் துல்லியம் சில மில்லி நொடிக்குள் வந்து நின்றது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இதுதான்: "ஒரே மாதிரி ஆயிரம் தடவை அடி" என்ற பழைய பாடத்தை இது ஆட்டம் காண வைக்கிறது. தேர்ந்தவர்கள் ஒரே மாதிரி அடிப்பதில்லை. வெவ்வேறு விதமாகத் தொடங்கி, போகிற போக்கில் திருத்திக்கொண்டு, ஒரே இடத்தில் வந்து முடிக்கிறார்கள். "இதே மாதிரிதான் அடிச்சேன் சார்" என்று பையன் சொன்னதே அவனுடைய குறையைச் சொல்லிவிட்டது. வந்த பந்து மாறியும் அவன் மாறவில்லை.

"பந்தைக் கடைசி வரைக்கும் பாரு" என்ற அறிவுரையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். 1988-இல் பிரான்சின் ரிப்போல், ஃப்ளூரான்ஸ் இருவரும் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். பந்து மட்டையில் படும் வரை கண் அதைத் துரத்திக்கொண்டே வருவதில்லை. பயணத்தின் முற்பகுதியைத்தான் கவனமாகப் பின்தொடர்கிறது. யோசித்தால் நியாயமாகவே படுகிறது. வேகமான ராலியில் பந்து இந்த முனைக்கு வந்து சேர நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். ஒன்றைக் கண்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கை அசையத் தொடங்கவே அதில் பெரும்பங்கு போய்விடும். வேண்டிய செய்தியெல்லாம் எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் இடத்திலேயே இருக்கிறது: மட்டை மேலே போனதா, கீழே வெட்டியதா? பையன் தன் மட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கத்து மட்டையை.

பேக்ஹேண்ட் எல்லைக்குள் இன்னொரு குழி இருக்கிறது. வலது கைக்காரருக்கு வலது இடுப்பை ஒட்டி, முழங்கைக்கு நேராக வரும் பந்து. அதை ஃபோர்ஹேண்டில் எடுப்பதா, பேக்ஹேண்டில் எடுப்பதா என்று உடம்பு ஒரு கணம் தயங்கும். தயங்கிய கையில் முழங்கை சேவல் சிறகு போல மேலே தூக்கிக்கொள்ளும், மட்டையின் முகம் கீழே கவிழும், பந்து வலையில். போட்டியில் விவரம் தெரிந்தவர்கள் குறிவைத்து அடிப்பது இந்த இடத்தில்தான். இந்தத் தவற்றுக்கு மருந்து கையில் இல்லை, காலில் இருக்கிறது. அரை அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது. நகராத கால்தான் எட்டிப் பிடிக்கும் கையை உண்டாக்குகிறது. எட்டிப் பிடிக்கும்போது பந்து உடம்புக்கு முன்னால் அல்லாமல் பக்கத்தில் படுகிறது. பக்கத்தில் பட்ட பந்துக்குச் சீட்டு வீசும் அசைவு வாய்க்காது.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடுகள் நன்றாகத் தெரியும். பத்து முறை தேசிய ஒற்றையர் பட்டம் வென்ற, 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 40 வயதில் ஒற்றையர் தங்கம் வாங்கிய சென்னைக்காரர் அசந்தா சரத் கமல், ஃபோர்ஹேண்டால் பேர் வாங்கியவர். உயரமான உடம்பு, நீளமான கை, மேசையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று முழு வட்டமாக வீசும் அடி. அதே பர்மிங்காமில் ஒற்றையர் வெண்கலம் வாங்கிய ஜி. சத்தியன் வேறு வார்ப்பு. சென்னையில் எஸ். ராமனிடம் பயின்றவர், தகவல் தொழில்நுட்பப் பொறியியல் படித்தவர். மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே குட்டையான வீச்சில் திருப்பி அனுப்புவார். எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்காத ஆட்டம். மேசையை ஒட்டி நிற்பவருக்குப் பெரிய வீச்சுக்கு நேரமே கிடையாது. அங்கே புறங்கையின் குட்டை ஓடுதளம் குறையாக இல்லாமல் வசதியாக மாறிவிடுகிறது. 2019 மே மாதத்தில் சத்தியன் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியின் அணிப் பிரிவில், அப்போது உலகின் 5-ஆம் இடத்தில் இருந்த ஜப்பானின் தொமோகாசு ஹரிமோத்தோவை வென்றார். ஹரிமோத்தோவே பேக்ஹேண்டுக்குப் பேர்போனவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வெற்றியின் கனம் புரியும்.

2020 ஊரடங்கில் சத்தியன் வீட்டில் பந்து வீசும் இயந்திரத்தோடு பயிற்சி செய்தது செய்தியானது. அளவான சுழலில், அளவான இடத்துக்கு, சோர்வில்லாமல் பந்து அனுப்பும் இயந்திரம் முழங்கையைப் பழக்க அருமையான கருவி. ஆனால் அதற்குக் கை இல்லை. எதிராளியின் மட்டை எப்படித் திரும்பியது என்று படித்துச் சுழலைக் கணிக்கும் வேலையை அது கற்றுத் தராது. உலகத் தரத்தில் பல ஆண்டு ஆடி அந்த வாசிப்பு ஏற்கெனவே கைவந்தவருக்கு அது குறை இல்லை. புதிதாகக் கற்பவனுக்குக் குறை.

இந்த வாசிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை மணிகா பத்ரா காட்டினார். டில்லிக்காரரான அவர் புறங்கைப் பக்கத்தில் நீளப் புள்ளி ரப்பர் ஒட்டி ஆடுபவர். சாதாரண ரப்பரின் முகம் வழவழப்பாகப் பந்தைப் பற்றும். நீளப் புள்ளி ரப்பரில் மெல்லிய முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பந்து பட்டதும் அவை மடங்கி வழுக்கிவிடும். வந்த சுழலை மாற்றும் பிடிமானம் அவற்றுக்கு இல்லை. மேலே சொன்ன வேடிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்: சுழல் மாறாமல் பயணத் திசை மட்டும் திரும்பினால், முன்சுழலாக வந்த பந்து பின்சுழலாகத் திரும்பிப் போகும். எதிராளி தன் சுழலைத் தானே வாங்கிக்கொண்டு வலையில் போடுவார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா ஒற்றையர் தங்கம் வென்றார். மட்டையின் இரு பக்கமும் இரண்டு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1980-களில் வந்ததற்கும் இதுதான் காரணம். இரண்டு விதமான ரப்பரை ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கத்தால் அடித்தோம் என்பதே தெரியாமல் சிலர் மட்டையைப் புரட்டிப் புரட்டி ஆடினார்கள்.

இனி உள்ளூருக்கு வருவோம். கிராமப்புறப் பிள்ளைகளின் பேக்ஹேண்ட் மாவட்டப் போட்டியில் உடைந்து விழுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பிள்ளைகளை அல்ல, பழைய ரப்பரை. பள்ளிக்கூட அலமாரியில் கிடக்கும் மட்டைகளில் ரப்பர் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். உடையார்பாளையமும் ஜெயங்கொண்டமும் இருக்கும் அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் நிறைந்த பூமி, தூசிக்குப் பஞ்சமில்லை. உராய்வு குறைய ஒரு மெல்லிய தூசிப் படலமே போதும். அப்படிப்பட்ட இரண்டு மட்டைகள் எதிரெதிரே ஆடினால் இரண்டு பக்கமும் சுழல் உண்டாகாது. எல்லாப் பந்தும் சுழலற்ற பந்து. பிள்ளைகள் மட்டையை நிமிர்த்தி நேராகத் தள்ளக் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் உலகத்தில் அதுதான் சரியான பேக்ஹேண்ட், அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. பிறகு ஒருநாள் நகரத்துப் பையன் ஒருவன் நல்ல ரப்பரோடு எதிரே நின்று ஒரு கட் சர்வீஸ் போடுவான். பந்து வலையில் விழும். அடுத்து டாப் ஸ்பின். பந்து சுவருக்குப் போகும். "பையனுக்குப் பதற்றம், மணிக்கட்டு நடுங்குது" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவன் அதுவரை சுழலும் பந்தையே பார்த்ததில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

தூசிக்கு மருந்து சுலபம். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் ரப்பரைத் துடைத்து, காய்ந்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் பிடிமானம் கூடுதல் நாள் நிற்கும்.

தவற்றைக் கண்டுபிடிக்க இன்று ஆய்வுக்கூடம் தேவையில்லை. மெதுவோட்டப் படம் எடுக்கும் போன் ஏதாவது ஓர் ஆசிரியரிடமாவது இருக்கும். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 சட்டம், அதாவது 30 ஃப்ரேம். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில் மட்டை ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடும், ஒன்றும் பிடிபடாது. நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் மெதுவோட்டத்தில் அந்த இடைவெளி மூன்று சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அப்போதும் பந்து ரப்பரைத் தொடும் கணம் பெரும்பாலும் இரண்டு சட்டங்களுக்கு இடையில் நழுவிவிடும். கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது அது இல்லை. போனை ஆட்டக்காரனின் பக்கவாட்டில், முழங்கை உயரத்தில் வைத்து எடுங்கள். எதிராளி பந்தைத் தொட்ட நொடியில் படத்தை நிறுத்துங்கள். அப்போது பையனின் முழங்கை எங்கே இருக்கிறது, கால் நகரத் தொடங்கிவிட்டதா, மட்டை ஏற்கெனவே ஓர் அடிக்குத் தயாராகி உறைந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு அவனுடைய மட்டைக்குப் பந்து வந்த இடத்தில் நிறுத்துங்கள். பந்து மார்புக்கு முன்னால் இருக்கிறதா, இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா? முதல் நிறுத்தத்தில் சரியாக இருந்து இரண்டாவதில் தப்பினால் அது கையின் தவறு. முதல் நிறுத்தத்திலேயே தப்பாக இருந்தால் கையைத் திருத்திப் பயனில்லை.

பந்து போய் விழுந்த இடமும் சாட்சி சொல்லும், ஆனால் ஒரே ஒரு பந்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கட் பந்துகள் மட்டும் வலையிலும் டாப் ஸ்பின் பந்துகள் மட்டும் சுவரிலும் போனால், வீச்சு நன்றாக இருக்கிறது, வாசிப்பு இல்லை என்று பொருள். எந்தப் பந்து வந்தாலும் கண்டபடி சிதறினால் முழங்கை நிலையாக இல்லை. நேரே வரும் பந்து நன்றாகப் போய், ஓரத்துக்கு வருவது மட்டும் தப்பினால் கால்.

பள்ளிகளில் விளையாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு நல்ல ரப்பர்தான் வாங்க முடியும் என்றால், அதை உங்கள் முதல்தர ஆட்டக்காரனின் மட்டையில் ஒட்டாதீர்கள். அவனுக்கு எதிரே நின்று பந்து கொடுப்பவன் மட்டையில் ஒட்டுங்கள்.